துணி சொன்னதும் சொல்லாததும்

தேர்தல் முடிந்ததும் சுவரொட்டிகள் கிழிகின்றன, மேடைகள் பிரிக்கப்படுகின்றன. துணி மட்டும் அத்தனை எளிதில் அழிவதில்லை. அமெரிக்கத் தேர்தல்களுக்கென அச்சிட்ட பழைய பருத்தித் துணிகள் அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இன்றும் சாட்சிகளாக நிற்கின்றன.

1840ஆம் ஆண்டு விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். அறுபத்தேழு வயதான அவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிலில் முடங்கிக் கிடப்பார் என எதிர்த்தரப்பு நாளேடு ஒன்று எள்ளி நகையாடியது. அந்த ஏளனத்தையே அவர் கட்சியினர் கொடியாக உயர்த்தினர். மரக்குடிலும் மதுப் பீப்பாயும் கைக்குட்டைகளிலும் சீட்டித் துணிகளிலும் அச்சேறின.

உண்மையோ வேறு. ஹாரிசன் வர்ஜீனியாவில் அடிமைகள் உழைத்த பெருந்தோட்டத்தின் மாளிகையில் பிறந்தவர். அவருடைய தந்தை விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். அவரை எதிர்த்து நின்ற குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனே சிற்றூர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். எனினும் துணி காட்டிய குடிலையே மக்கள் நம்பினர். 234 தேர்வாளர் வாக்குகள் ஹாரிசனுக்கு. 60 மட்டுமே வான் பியூரனுக்கு. 1841 மார்ச் 4 அன்று பதவியேற்ற ஹாரிசன், ஒரே திங்களில், ஏப்ரல் 4 அன்று மறைந்தார்.

1888இல் துணைத் தலைவர் பதவிக்கு நின்ற ஆலன் தர்மன், மூக்குப்பொடி போடும்போது பயன்படுத்திய சிவப்புக் கைக்குட்டையே அவர் கட்சியின் அடையாளமாயிற்று. அக்கைக்குட்டைக்கு அங்கு வழங்கும் 'பண்டானா' என்ற பெயர் இந்தியாவிலிருந்து சென்றது. நம் மதுரைச் சுங்குடியைப் போல, துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் முறையைக் குறித்த சொல் அது. அவர் அணி மக்கள் வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் தேர்வாளர் வாக்குகளில் தோற்றது. வென்றவர் பெஞ்சமின் ஹாரிசன், மரக்குடில் வேட்பாளரின் பேரன்!

ஊர்வலத்தில் கொடியாக அசைந்த கைக்குட்டை, பின்னர் வீட்டுக்குள் நுழைந்தது. பெண்கள் அதனை ஒட்டுப்போர்வைகளில் வைத்துத் தைத்தனர். நாடு முழுவதும் பெண்களின் வாக்குரிமையை அரசியலமைப்பு உறுதிசெய்தது 1920இல்தான். அதுவரை பலருக்கு ஊசியும் நூலுமே அரசியல் பேசும் வழியாயிருந்தன.

இன்னும் ஒன்றையும் நாம் மறத்தலாகாது. 1840இல் அமெரிக்க, ஆங்கிலேய ஆலைகளுக்குச் சென்ற பருத்தியில் பெரும்பகுதி அடிமைகள் பறித்தது. துணியில் வேட்பாளரின் முகம் பதிந்தது. பருத்தி பறித்த கைகளுக்கு அதில் இடமில்லை, வாக்குமில்லை. வரலாற்றைப் படிப்பவர் அச்சை மட்டுமன்று, நூலையும் பார்க்கவேண்டும்.