கண் தெரியாத கடைக்காரி வைத்த கணக்கு: ஆர்.பி.ஜி. கேம்களின் ஒரு சின்ன வரலாறு

ஏ.எல். எழுதிவிட்டு, கம்பஸ் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருந்த காலம். என்னிடம் இருந்தது மாமா கைவிட்ட ஒரு பழைய லப்டொப். புதுக் கேம் எதைப் போட்டாலும் விசிறி கத்தும், பிறகு திரை அப்படியே நின்றுவிடும். அதனால் எனக்கு வாய்த்ததெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கேம்கள்தான். அப்படித்தான் 1985இல் வந்த 'அல்டிமா 4' கைக்கு வந்தது. (கள்ளக் கொப்பி இல்லை, இப்போது அது சட்டப்படியே இலவசம்.)

அந்தக் கேமில் மந்திரம் செய்ய உள்ளி, ஜின்செங், சிலந்தி நூல் என்று சாமான்கள் வேண்டும். விற்கிற ஆள் கண் தெரியாதவர். விலையைச் சொல்வார், எத்தனை பொற்காசு கொடுக்கிறோம் என்று நாங்களே தட்ட வேண்டும். கையில் காசு குறைவு. நான் 1 என்று தட்டினேன். சாமான் கிடைத்தது. எந்தச் சத்தமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அடுத்த முறையும் அப்படியே செய்தேன். கன நாள் கழித்து அரண்மனையில் இருக்கிற ஹோக்விண்ட் என்ற ஞானியிடம் போய் நேர்மையைப் பற்றிக் கேட்டால், கிடைத்த பதில் நல்லதாக இல்லை. நான் ஒரு வீரனை வளர்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் ஒரு கள்ளன் வளர்ந்திருந்தான்.

பாத்திரமேற்று விளையாடும் ஆர்.பி.ஜி. கேம்களில் எனக்கு இன்றுவரை பிடித்த விஷயம் இதுதான். நாங்கள் தெரிவு செய்ததுதான் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் யாரோ பின்னால் இருந்து வேறொரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கை யார் வைத்தார்கள், அதை ஆட்டக்காரருக்குக் காட்டினார்களா மறைத்தார்களா என்று பார்த்துக்கொண்டு போனாலே இந்தக் கேம்களின் வரலாற்றில் பாதி வந்துவிடும்.

முதலில் கணக்கு வைத்தது மனிசர்தான். 1960களின் கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் போர் விளையாட்டு விளையாடுகிற ஒரு கூட்டம் இருந்தது. மேசையில் பொம்மைப் படைகளை வைத்து, நெப்போலியன் காலத்துச் சண்டைகளைத் திரும்ப நடத்துவார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் வெஸ்லி, 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனைப் பிரஷ்ய ஊரை வைத்து ஓர் ஆட்டம் தயாரித்தார். இரண்டு பேர் படைத்தளபதிகள். ஆனால் அன்றைக்குக் கூடுதலான ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களைச் சும்மா இருத்தி வைக்காமல் ஒருவரை மேயர், ஒருவரை வங்கியாளர், ஒருவரைப் பல்கலைக்கழக வேந்தர் என்று ஊர்க்காரர் ஆக்கினார். ஆட்டம் தொடங்க முதலே ஆட்டக்காரர் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போய்க் கதைக்கத் தொடங்கினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை மோதவே வெளிக்கிட்டார்கள். அதற்கு விதியே எழுதப்படவில்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. ஆட்டம் குழம்பிப்போய்விட்டது என்று அவர் நினைத்தார். வந்தவர்கள் இன்னொரு முறை வையுங்கோ என்று நின்றார்கள்.

பிறகு வந்த ஓர் ஆட்டத்தில், ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டி நாடு. டேவ் ஆர்னெசன் என்பவருக்குக் கிடைத்தது துண்டுப் பிரசுரம் விநியோகிக்கிற ஒரு மாணவப் புரட்சியாளனின் வேடம். ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்ன கதைப்படி, அவர் தான் உண்மையில் சி.ஐ.ஏ. ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்து, கடைசியில் ஹெலிகொப்டரில் ஏறி, மேலே இருந்து பிரசுரங்களைக் கொட்டிவிட்டுப் போனார். சி.ஐ.ஏ. வேடம் அவருக்கு யாரும் கொடுத்ததல்ல. எழுதிக் கொடுத்த பாத்திரத்தை ஆட்டக்காரர் வேறொரு ஆளாக மாற்றிவிட்டார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நடுவரும் அதை ஏற்றுக்கொண்டார். இதே ஆர்னெசன்தான் கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற கேமை வெளியிட்டார். முதல் அச்சு 1000 பிரதிகள்தான். பாத்திரம் ஓர் ஆட்டத்தோடு செத்துப்போகாமல் அடுத்த கிழமைக்கும் வரும், அனுபவப் புள்ளி சேர்க்கும், வளரும் என்கிற வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கேமால்தான். அந்த அனுபவப் புள்ளியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கோ, கடைசியில் தேவைப்படும்.

மேசையில் நடுவர் ஒரு மனிசர். நீங்கள் விசர் வேலை ஒன்று செய்தால் அவர் முகத்திலேயே தெரியும். கொம்பியூட்டருக்கு முகம் இல்லை. ஆரம்பகாலக் கொம்பியூட்டர் ஆர்.பி.ஜி.கள் எடுத்துக்கொண்டது புள்ளிகளைத்தான், நடுவரின் முகத்தை அல்ல. கொல்லு, எடு, வளரு. அவ்வளவுதான்.

ரிச்சர்ட் கரியட் இதைக் கண்டுபிடித்தது தபாலில். 1983இல் அவரும் குடும்பத்தாரும் ஒரிஜின் என்ற சொந்தக் கம்பனியைத் தொடங்கி 'அல்டிமா 3' ஐ வெளியிட்டார்கள். முந்தி வெளியீட்டாளருக்குப் போன கடிதங்கள் இப்போது நேரே அவரிடம் வரத் தொடங்கின. அவற்றை வாசித்த பிறகுதான் தன் கேமில் ஆட்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஊர்ச்சனத்தைக் கொல்கிறார்கள், கடைகளில் களவெடுக்கிறார்கள், அப்படி வளர்ந்த பலத்தோடு போய் உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். கேமின்படி அவர்கள் நாயகர்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகளைக் கெடுக்கிறாய் என்று திட்டி வந்த கடிதங்களும் உண்டு.

அதற்கு அவர் எழுதிய பதில்தான் 'அல்டிமா 4'. கடைசியில் கொல்ல ஒரு வில்லன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களையும் அடைந்து 'அவதார்' ஆக வேண்டும். ஆம், எங்கள் அவதாரம்தான். இந்து சமய அவதாரங்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருந்துதான் இந்த எண்ணம் வந்தது என்று கரியட்டே சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவதாரம் என்றால் கடவுள் கீழே இறங்கி வருவது. அவர் அதைத் தலைகீழாக்கி, மனிசன் மேலே ஏறுவதாக மாற்றிவிட்டார். தெரியாமல் செய்த பிழையோ தெரிந்தே செய்ததோ, எனக்கு அந்தத் திருப்பம் பிடித்திருக்கு.

கேம் தொடங்கும்போது வீரனா மந்திரவாதியா என்று பட்டியல் தரமாட்டார்கள். குறி சொல்கிற ஒரு பெண் ஏழு கேள்வி கேட்பாள். ஒவ்வொன்றும் இரண்டு நல்ல குணங்களுக்கு இடையில் ஒரு இழுபறி. நேர்மையா இரக்கமா, நீதியா தியாகமா என்று ஒன்றைத் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் மிஞ்சுகிற குணம்தான் நீங்கள் யார் என்பதைத் தீர்மானிக்கும். நேர்மை மிஞ்சினால் மந்திரவாதி, வீரம் மிஞ்சினால் போராளி, பணிவு மிஞ்சினால் மேய்ப்பர்.

பிறகு கணக்குத் தொடங்கும். பிச்சை போட்டால் இரக்கம் கூடும். வைத்தியரிடம் இரத்தம் கொடுத்தால் தியாகம் கூடும். சண்டையில் இருந்து ஓடினால் வீரம் குறையும். பெருமையாகப் பதில் சொன்னால் பணிவு குறையும். எதுவும் திரையில் இலக்கமாக வராது. அந்த ஞானியைக் கேட்டால் மட்டும் ஒரு வசனத்தில் சாடை காட்டுவார்.

நான் கள்ளன் என்று தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இணையத்தில் வழிகாட்டி ஒன்றைத் தேடி வாசித்தேன். எவ்வளவு போட்டாலும் இரக்கம் ஒரே அளவுதான் கூடும் என்று அதில் இருந்தது. ஒரே பிச்சைக்காரருக்கு ஒவ்வொரு காசாகத் திரும்பத் திரும்பப் போட்டேன். இரக்கம் நிரம்பிவிட்டது. முந்தி நான் களவெடுத்தேன், சரி. அப்போது குறைந்தபட்சம் அது நானாகச் செய்தது. இப்போது செய்தது என்ன என்று எனக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்த நிமிடமே பாத்திரம் செத்துவிட்டது, மிஞ்சியது கணக்காளன் ஒருவன்.

இதற்குப் பிறகு வந்த ஆர்.பி.ஜி.கள் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டின. 1997இல் டிம் கெயினின் குழு செய்த 'ஃபோல்அவுட்' அணுகுண்டுப் போருக்குப் பிந்திய கலிபோர்னியாவில் நடக்கும். நிலவறை ஒன்றில் வாழும் சனத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் சிப் பழுதாகிவிட்டது, 150 நாளுக்குள் புதிது கொண்டுவர வேண்டும். இந்தக் கேமிலும் ஒரு கணக்கு இருக்கு, அதன் பெயர் 'கர்மா'. திரும்பவும் எங்கள் பக்கத்துச் சொல். ஆனால் ஊழ் எப்போது வந்து ஊட்டும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதானே எங்களவர்கள் சொன்னது. இங்கே கர்மா வங்கி மீதி மாதிரி.

இருந்தாலும் 'ஃபோல்அவுட்' இலக்கத்தோடு நிற்கவில்லை. அறிவு அளவை மிகக் குறைத்து ஓர் ஆளை உருவாக்கினால் அவனால் ஒழுங்காகக் கதைக்கவே ஏலாது, முனகுவான். ஊர்ச்சனமும் அவனிடம் பொறுப்பான வேலை எதையும் கொடுக்காது. கேம் முடிகிறபோது நீங்கள் போன ஒவ்வொரு ஊருக்கும் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொரு படமாகக் காட்டும். அதைவிடப் பெரிய அடி முடிவில். எல்லாவற்றையும் முடித்துவிட்டு நிலவறை வாசலுக்கு வந்தால், மேற்பார்வையாளர் உங்களை உள்ளே விடமாட்டார். நீ எங்களைக் காப்பாற்றினாய், ஆனால் வெளியே போய் மாறிவிட்டாய், உன்னைப் பார்த்து இளையவர்களும் வெளிக்கிட்டுவிடுவார்கள், போ. நல்லவனாக விளையாடினாலும் இதுதான். கர்மா மிக மோசமாக இருந்தால், உங்களைக் கேட்காமலே உங்கள் ஆள் துவக்கை எடுத்து அவரைச் சுட்டுவிடுவான்! அந்த இடத்தில் நீங்கள் பொத்தானை அமத்தவில்லை. இவ்வளவு நாளும் அமத்தியதெல்லாம் சேர்ந்து அமத்திவிட்டது.

1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்' பற்றி ஒரு விஷயம் மட்டும். அதில் சாகவே முடியாத, தன் பெயரையே மறந்த ஒருவன் பிணவறையில் எழும்புகிறான். சில உரையாடல்களில் ஒரே வசனம் இரண்டு தெரிவாக வரும். ஒன்றில் உண்மை என்றும் மற்றதில் பொய் என்றும் குறிப்பு இருக்கும். எதிரே நிற்பவருக்குக் கேட்பது ஒரே வாக்குறுதிதான். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு சொன்னீர்கள் என்பது மட்டும் பதிவாகும். செயலை எண்ணிய காலம் போய், மனதை எண்ணத் தொடங்கிய இடம் என்று இதைச் சொல்லலாம்.

அடுத்த பத்து வருசம் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. பெரிய காசு வந்தது, கணக்கு எல்லாருக்கும் தெரிகிற பட்டையாக மாறியது. 2003இன் ஸ்டார் வோர்ஸ் கேமில் தீய பக்கம் போனால் முகம் வெளிறும். 2004இன் 'ஃபேபிள்' இல் கொம்பு முளைக்கும். அதில் கோழிக்குஞ்சைச் சாப்பிட்டாலும் தீமைப் புள்ளி! 2007இன் 'மாஸ் எஃபெக்ட்' நல்ல பதிலுக்கு நீலம், முரட்டுப் பதிலுக்குச் சிவப்பு என்று நிறமே கொடுத்துவிட்டது. அதன் இரண்டாம் பாகத்தில், ஒரு பக்கத்தில் போதிய புள்ளி சேர்த்திருந்தால்தான் முக்கியமான சில தெரிவுகள் திறக்கும். விளைவு, முதல் மணித்தியாலத்தில் நீலம் என்று முடிவெடுத்தவர் கடைசிவரை வசனத்தை வாசிக்காமலே நீலத்தை அமத்துகிறார். அந்தக் கேமில் வேலை செய்த ஜோன் எபெங்கர் 2020இல் ஒரு விஷயம் சொன்னார்: ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ 92 வீதம் பேர் நல்ல பக்கத்தைத்தான் தெரிவு செய்தார்களாம். கரியட்டுக்கு வந்த கடிதங்களை யோசித்துப் பாருங்கோ. யாரும் பார்க்காதபோது ஊரையே கொள்ளையடித்த அதே ஆட்டக்காரர் இனம். பட்டை ஒன்று வைத்ததும் எல்லாரும் நல்ல பிள்ளைகள். மனிசர் திருந்திவிட்டார்கள் என்று இதைக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2015இல் டோபி ஃபொக்ஸ் செய்த 'அண்டர்டேல்' இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. எதிரே வருகிற எவரையும் கொல்லாமலே கேமை முடிக்கலாம். கொன்றால் வழக்கம்போல் புள்ளி கிடைக்கும். 1974இல் இருந்து எல்லா ஆர்.பி.ஜி.யிலும் சேர்த்துப் பழகின புள்ளி என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். முடிவுக்குக் கிட்டத்தான், அந்த எழுத்துகள் அனுபவத்தையோ படிநிலையையோ குறிக்கவே இல்லை, நீ எவ்வளவு கொன்றாய், எவ்வளவு வன்முறைக்குப் பழகிவிட்டாய் என்பதைத்தான் குறித்தன என்று ஒரு பாத்திரம் வந்து சொல்லும். தொடக்கத்தில் வளர்ப்புத்தாய் மாதிரி ஒரு பாத்திரம் வருவாள். கவலைப்பட்டுப் பழைய சேவுக்குப் போய் இந்தமுறை அவளைக் கொல்லாமல் விட்டாலும், பிறகு ஒரு பூ வந்து, முதல் தடவை நீ செய்தது எனக்குத் தெரியும் என்று சிரிக்கும். இதை நான் விளையாடியது இரவு ஒரு மணிக்கு. லப்டொப்பை மூடிவிட்டேன்.

கடைசியாக 2019இன் 'டிஸ்கோ எலிசியம்'. எஸ்தோனியாவின் தலைநகர் தல்லினில் ரொபர்ட் குர்விட்ஸும் நண்பர்களும் மேசையில் விளையாடிய ஆட்டங்களில் இருந்து வளர்ந்த உலகம் அது, வரலாறு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப மேசைக்கே வந்த மாதிரி. ஞாபகம் போன ஒரு பொலிஸ்காரன், அவன் மண்டைக்குள் 24 திறமைகள் ஆளாளுக்குக் கதைத்துக்கொண்டிருக்கும். நான் தர்க்கத்தை உயர்த்தி, கூர்மையான துப்பறிவாளன் ஒருவனை உருவாக்கினேன். விசாரணைக்குப் போன இடங்களில் மரியாதைக்கு மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் என் மண்டைக்குள் ஒரு குரல்: நீ எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரிகிற ஒரு பொலிஸ், இதை உன் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறாயா? ஹொஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். கன்ரீனில் தேத்தண்ணி கேட்கும்போதும் நான் "சொறி அண்ணா" என்றுதான் தொடங்குவேனாம். அவன் விளையாடியபோது அவனுடைய ஆளுக்குக் கிடைத்த பட்டம் சுப்பர்ஸ்டார் பொலிஸ். அதிலும் அவனுக்கு ஆச்சரியமில்லை.

போன விடுமுறையில் 'அல்டிமா 4' ஐ முதலில் இருந்து தொடங்கினேன். வழிகாட்டி இல்லாமல், அந்த ஏழு கேள்விக்கும் மனதில் பட்டதையே சொன்னேன். மேய்ப்பன் ஆகிவிட்டேன். எட்டுப் பேரில் ஆகப் பலவீனமான ஆள் அவன்தான். தொடங்குகிற இடமும் கர்வத்தால் அழிந்த மஜின்சியா என்ற ஊருக்குப் பக்கத்தில். சுற்றிக் கடல். மூன்று தரம் செத்துவிட்டேன், இன்னும் ஒரு கடையைக் கூடக் காணவில்லை.