மேற்கோளும் மதிப்பும்: சந்திரசேகரின் ஆய்வேடுகள்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எத்துணை முறை மேற்கோள் காட்டினர் என எண்ணி அவர்தம் பெருமையை அளக்கும் வழக்கம், 1960களில் யூஜின் கார்பீல்ட் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டபின் வேரூன்றியது. இவ்வளவுகோல் சுப்பிரமணியன் சந்திரசேகரை (1910–1995) எங்ஙனம் அளக்கும்?

1931இல் ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இரண்டே பக்கங்கள். வெண்குள்ள விண்மீனின் திணிவுக்கு உச்ச எல்லை உண்டு என்பதே அதன் முடிபு. 1935 சனவரியில், இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்தில் எடிங்டன் இதனை எள்ளி நகையாடினார். பௌதிகவியலார் சிலர் சந்திரசேகரே சரியெனத் தனிப்பட ஒப்பினர். ஆயினும் எடிங்டனை வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கினர். புலமையுலகிலும் பெயருக்கு அஞ்சுதல் உண்டு போலும்! 1939இல் விண்மீன் அமைப்புப் பற்றிய நூலை வெளியிட்டபின் சந்திரசேகர் வேறு துறைக்குச் சென்றார்.

1943இல் எழுமாற்று இயக்கம் பற்றி அவர் எழுதிய 89 பக்க மீளாய்வு, வானியலுக்கு அப்பால் இரசாயனத்திலும் பெரிதும் எடுத்தாளப்பட்டது. சுட்டியில் ஓங்கி நிற்பது இத்தகைய ஆக்கமே. முன்னைய முடிபோ ‘சந்திரசேகர் எல்லை’ எனப் பாடநூல்களிற் புகுந்துவிட்டது. பெயரே வழக்காகியபின் மூலக் கட்டுரையைச் சுட்டுவோர் அருகினர். எண்ணிக்கையில் அது குறைவாகத் தோன்றுவதற்கு அதன் வெற்றியும் ஒரு காரணம்.

நோபெற் பரிசு 1983இல் கிட்டியபோது, அவ்விரு பக்கங்கள் வெளிவந்து 52 ஆண்டுகள் கழிந்திருந்தன.