புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற முழு எழுத்தறிவு இயக்கம் ஆகும். கற்போரின் தொழில், ஓய்வு நேரம், முன்னறிவு, கற்கும் வேகம் ஆகிய வேறுபாடுகளுக்கு ஏற்பக் கற்பித்தலை அமைக்க முயன்றதும், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவுடன் இணைத்ததும் இதன் சிறப்புகளாகும்.

பின்னணி

இந்திய அரசு 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனைப் பின்பற்றி 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதில் முக்கியப் பங்காற்றினார். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் உள்ளிட்ட தன்னார்வலர்களும் இணைந்து பணியாற்றினர். ஊதியம் பெறாத தொண்டர்களே கற்பித்தனர். கற்போரில் பெரும்பாலோர் பெண்கள். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர்.

கற்போரிடையே காணப்படும் வேறுபாடுகள்

முதியோர் கல்வியில் கற்போர் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

நேரம்: பகலில் கூலி வேலைக்குச் செல்வோரால் மாலையிலோ இரவிலோ மட்டுமே படிக்க இயலும்.

முன்னறிவு: மனக்கணக்கில் தேர்ந்த ஒருவருக்கு எண்களை எழுதத் தெரியாமல் இருக்கலாம். பள்ளியை இடையில் விட்டவர் எழுத்துகளைப் பாதி மறந்திருக்கலாம்.

வேகம்: எழுதுகோலையே முதன்முறை பிடிப்பவருக்குக் கூடுதல் காலம் தேவைப்படும்.

கற்பித்தல் முறை

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் முறைப்படி, கடினம் படிப்படியாக மிகும் மூன்று பாடநூல்கள் பயன்படுத்தப்பட்டன. பயிற்சிகளும் தேர்வுகளும் பாடநூலுக்குள்ளேயே அமைந்திருந்ததால், ஒவ்வொருவரும் தம் வேகத்தில் முன்னேறவும் தம் நிலையைத் தாமே அறியவும் முடிந்தது. மூன்று நூல்களையும் முடிக்கச் சுமார் 200 மணி நேரம் தேவை எனக் கணக்கிடப்பட்டது.

பாதைகள் வேறுபட்டாலும் அடைய வேண்டிய இலக்கு பொதுவானது. நிமிடத்திற்கு 30 சொற்கள் வாய்விட்டுப் படித்தல், 7 சொற்கள் பார்த்து எழுதுதல், 5 சொற்கள் கேட்டு எழுதுதல், 1 முதல் 100 வரை எண்களை எழுதப் படித்தல் ஆகியவை அதில் அடங்கும்.

மிதிவண்டிப் பயிற்சி

ஊர்விட்டு ஊர் செல்ல ஆண்களைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை, பெண்களின் கல்விக்கும் பணிக்கும் தடையாக இருந்தது. எனவே மிதிவண்டி ஓட்டுதலும் இயக்கத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. ஏளனப் பேச்சுகளையும் மீறிப் பெருந்திரளான பெண்கள் கற்றுக்கொண்டனர். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதிய அளவில் கிடைக்காததால் பலர் ஆண்கள் மிதிவண்டியையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்ல முடிந்ததும் ஒரு வசதியாயிற்று. 1992 மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் மிதிவண்டி ஊர்வலம் சென்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அவரது கட்டுரையின் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது.

தாக்கமும் வரம்புகளும்

இதே காலத்தில் கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கூலியாக இருந்தவர்களே கணக்கைக் கவனிக்கும் நிலை வந்தபோது, எழுத்தும் எண்ணும் அன்றாடத் தேவையாயின. இவ்வியக்கம் குறித்து வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1996 இல் வெளிவந்தது.

குறுகிய காலத்தில் பெற்ற எழுத்தறிவு, பயன்படுத்தப்படாவிடில் மறந்துபோகும் என்பது இத்தகைய இயக்கங்கள் அனைத்திற்கும் பொதுவான சிக்கலாகும். படித்ததைப் பயன்படுத்த வாய்ப்பில்லாதோரே முதலில் பின்தங்குவர். ஆகவே தொடக்கப் பாடத்தைக் கற்போருக்கு ஏற்ப அமைப்பதுடன், வாசிப்புப் பொருளும் பயன்பாட்டு வாய்ப்பும் தொடர்ந்து கிடைக்கச் செய்வதும் இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

முதியோர் கல்வி
தமிழ்நாடு அறிவியல் இயக்கம்
செயல்வழிக் கற்றல்