காப்பி மூட்டை சுமந்த படகில் ஒரு கச்சேரி

சில வருஷங்களுக்கு முன்னால், நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்த ஒரு படகுக்குள் உட்கார்ந்து கச்சேரி கேட்டேன். 'பார்ஜ்மியூசிக்' என்று பேர். நாலு பேர் ஹேய்டன் வாசித்தார்கள். முதல் வரிசைக்கும் செல்லோக்காரருக்கும் நடுவே நாலடி இருந்தால் அதிகம். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பின்னால் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் மன்ஹாட்டன் விளக்குகள். ஆற்றில் ஏதாவது படகு போனால் கூடமே லேசாக ஆடும்.

இடைவேளையில் பக்கத்து நாற்காலிப் பெரியவரிடம், "எஞ்சினை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். "இதுக்கு எப்பவுமே எஞ்சின் இருந்ததில்லை" என்றார். அந்தப் பதில்தான் என்னைப் படிக்க வைத்தது.

இந்தப் படகு கட்டப்பட்டது 1899-இல். இரும்புப் பெட்டி மாதிரி, நூறு அடிக்குச் சற்றே கூடுதலான நீளம். டக் படகு இழுத்தால்தான் நகரும். ஒரு ரயில் கம்பெனி இதில் காப்பி ஏற்றிக்கொண்டிருந்தது. ரயில் கம்பெனிக்கு எதுக்குங்க படகு? நியூயார்க்கின் பூகோளத்தைப் பார்த்தால் புரியும். மேற்கிலிருந்து வந்த பெரும்பாலான ரயில் பாதைகள் ஹட்சன் ஆற்றின் அக்கரையில், நியூஜெர்சியிலேயே முடிந்துவிட்டன. நகரமோ தீவுகளில். அதனால் சரக்கெல்லாம் தண்ணீர் வழியாகத்தான் போய் வரவேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் துறைமுகத்தில் தனியாக ஒரு படகுக் கூட்டமே வைத்திருந்தது.

காப்பிக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. பாலத்துக்கு அந்தப்புறம் 'எம்பயர் ஸ்டோர்ஸ்' என்ற செங்கல் கிடங்குகள் இன்னும் நிற்கின்றன. காப்பியும் சர்க்கரையும் அடுக்கிய இடம். அமெரிக்காவின் பெரிய காப்பி வியாபாரிகளான ஆர்பக்கிள் சகோதரர்கள் இந்தப் பக்கம்தான் தொழில் நடத்தினார்கள்.

இதையெல்லாம் முடித்து வைத்தது கன்டெய்னர். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. பெட்டியை அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம் என்றால் மூட்டை தூக்க ஆள் எதற்கு, படகு எதற்கு? விசாலமான இடம் இருந்த நியூஜெர்சிப் பக்கத்துக்குத் துறைமுகமே நகர்ந்தது. புரூக்ளின் கரையில் வேலையும் போயிற்று, படகுகளும் சும்மா கிடந்தன.

அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் ஓல்கா புளூம் வாங்கினார். ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்து வந்த வயலின் கலைஞர். அறுபதை நெருங்கும் வயசில், 1977-இல், அதைச் சின்ன அரங்கமாக மாற்றினார். உள்ளே சுவருக்கு ஒரு பழைய ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரியின் மரப்பலகைகள். அவர் 2011-இல் 92 வயசில் காலமானார்.

படகு நின்ற இடமும் அப்படித்தான், வேலை போன இடம். 1814-இல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவி ஃபெர்ரி புறப்பட்ட துறை அது. 1883-இல் தலைக்கு மேலேயே பாலம் திறந்தார்கள். கூட்டம் மெல்ல மேலே போய்விட்டது. 1924-இல் ஃபெர்ரி நின்றே போனது. பாலம் காலி செய்த துறையில், கன்டெய்னர் காலி செய்த படகு. இரண்டும் காலியாகாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்காது.

இது எனக்கு முழுக்க சந்தோஷமான விஷயமாகப் படவில்லை. ஓல்கா புளூம் பேர் நிலைத்துவிட்டது, நியாயம்தான். அதற்கு முந்தைய எழுபது சொச்ச வருஷத்தில் அந்த இடத்தில் மூட்டை இறக்கியவர்கள் பேர்? கூடத்துக்குள் அதற்கு ஒரு அடையாளமும் என் கண்ணில் படவில்லை. விடை ஓரளவு ரெட் ஹூக்கில் கிடைத்தது. அதே புரூக்ளின் கரையில் கொஞ்சம் தெற்கே இருக்கிறது அந்த இடம். அங்கே 1914-இல் கட்டிய மரப் படகு ஒன்று, 'லீஹை வேலி 79', மிதக்கும் மியூசியமாக இருக்கிறது. அங்கேயும் கச்சேரி நடக்கும். ஆனால் படகுக்காரர் குடியிருந்த சின்ன அறையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நியூயார்க் போனால் அந்த அறையையும் எட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் எந்தப் பழைய படகில் இசை கேட்டாலும், தரை லேசாக ஆடும்போது மூட்டைகள் ஞாபகம் வரும். எனக்கு வருகிறது.