ஒற்றை மஞ்சள்

பழைய தெருவிளக்குகளைத் தேடிப் படமெடுப்பவர்கள் பிரிட்டனில் தனி இனம். புது ஊருக்குப் போனால் தேவாலயம், கடைத்தெரு எதையும் கண்டுகொள்ளாமல் அண்ணாந்து பார்த்தபடி சந்து சந்தாக நடப்பார்கள். அவர்கள் கண் பெரும்பாலும் தேடுவது தாழ் அழுத்த சோடியம் விளக்கை. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் பொன்னிறமாக எரிந்தது இதன் தம்பி, உயர் அழுத்த வகை. அண்ணன் அதைவிடப் பிடிவாதக்காரன்.

1932-ல் நெதர்லாந்தில் பேக், கெலேன் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையிலான சாலையில் பிலிப்ஸ் நிறுவனம் இதை ஏற்றியது. அதே ஆண்டிலேயே லண்டனுக்குத் தெற்கே, கிராய்டனின் பர்லி வே சாலைக்கும் வந்துவிட்டது. வந்த புதிதில் இதற்குப் பெரிய தொந்தரவு குளிர்தான். சோடியம் போதிய அளவு ஆவியாகிச் சரியாக எரியக் குழாய் சுமார் 260 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். வெளிக்காற்று பட்டால் வெளிச்சம் சுருங்கிவிடும். அதனால் ஃபிளாஸ்க் போல இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் கூடு ஒன்றை மேலே மாட்டினார்கள். பல்பு தீர்ந்தால் கூட்டைக் கழற்றி அடுத்த பல்புக்குப் போட்டுக்கொள்ளலாம். பிறகு கூடும் குழாயும் ஒரே உடம்பாயின. 1960-களில் கூட்டின் உட்பக்கம் ஒரு மெல்லிய உலோக ஆக்சைடு பூச்சு வந்தது. வெளிச்சத்தை வெளியே விட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே திருப்பி அனுப்பும். 180 வாட் விளக்கு ஏறத்தாழ 33,000 லூமன் தந்தது. குண்டு பல்பில் வாட்டுக்குப் பதினைந்து லூமன் கிடைத்தாலே அதிகம். 1973-க்குப் பின் எண்ணெய் விலை எகிறியபோது நகராட்சிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் அழகான பொருள். தெருமுனைகளில் எரிந்த 35 வாட் பல்பு ஓர் அடி நீளம். உள்ளே ஹேர்பின் போல மடங்கிய குழாய். அதன் நெடுகச் சிறுசிறு குழிகள். ஆறிய பல்பில் சோடியம் அந்தக் குழிகளில் வெள்ளித் துளியாக உறைந்து கிடக்கும். ஒரே பக்கம் ஓடிச் சேர்ந்துவிடாமலிருக்கத்தான் அந்தக் குழிகள்.

சுவிட்சைப் போட்டதும் மஞ்சள் வராது. முதலில் நியான் பற்றிக்கொண்டு செக்கச் சிவக்கும். சோடியம் மெல்ல ஆவியாகி, பத்து நிமிடம் போல ஆனபின்தான் அந்தப் பேர்போன மஞ்சள். படமெடுப்பவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம்தான் வேட்டை நேரம்: வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், விளக்கு இன்னும் சிவப்பாக இருக்கும்.

முழுதாக எரிந்துவிட்டால் கேமராவின் பாடு திண்டாட்டம். இந்த வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டரை ஒட்டிய இரண்டே கோடுகள். அதன் கீழே சிவப்புக் காரும் பச்சை இலையும் ஒரே மஞ்சளின் அடர்த்தி வேறுபாடுகள்தான். இரத்தம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். வொயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் திருகினாலும் இல்லாத நிறம் எங்கிருந்து வரும்? ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பகலிலும் ஒருமுறை வந்து கம்பத்தையும் அதிலிருந்து நீளும் கையையும் விளக்குக் கூண்டையும் எடுத்துக்கொள்வார்கள். வெளிச்ச உணரி பழுதானால் விளக்கு அணையாமல் எரியும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். பட்டப்பகலில் எரியும் அப்படியொரு விளக்கு கிடைத்தால் அன்றைக்கு யோகம்.

ஒரு கம்பத்தில் பல வயதுகள் இருக்கும். எஃகு தட்டுப்பாடான போருக்குப் பிந்தைய காலத்துக் கான்கிரீட் கம்பம், அதன் தலையில் முப்பது வருடம் பிந்திய கூண்டு, அதற்குள் சில வருடங்களுக்கு முன் மாட்டிய பல்பு. தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நீளமான மடிப்புக் குழாய் தெரிந்தால் அசல். குட்டையான பல்பு தெரிந்தால் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். தார்ன் நிறுவனத்தின் பீட்டா 5 என்ற சின்னக் கூண்டு ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. எங்கும் இருந்ததால் யாரும் சீந்தவில்லை. தபால் பெட்டியையும் ரயில் நிலையத்தையும் படமெடுத்துத் தள்ளிய ஊரில் இதற்கு நல்ல படம் அரிது என்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. கண்ணுக்குப் பழகியதை எவர் படமெடுக்கிறார்?

எல்.இ.டி. வந்தபோது நிறம் திரும்பியது, தேவைக்கேற்ப மங்கவைக்கும் வசதியும் வந்தது. வருத்தப்பட்டவர்கள் வானியலாளர்கள். ஒற்றை நிறமென்றால் வடிகட்டியால் எளிதில் தள்ளிவிடலாம். லிக் வானாய்வகத்துக்காகவே கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரம் இந்த விளக்கைத் தேர்ந்தெடுத்திருந்தது. வெள்ளை வெளிச்சத்தை எந்த வடிகட்டியால் தள்ளுவது? ஸ்காட்லாந்தின் ஹாமில்டனில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலை 2019-ஓடு இந்த பல்புகளின் உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது கழற்றிய கூண்டுகள் சேகரிப்பவர்களின் கார் ஷெட்டுகளில் சேர்கின்றன. பல்பை மட்டும் வாங்கி வருவதில் பயனில்லை. இந்த வகைக்கென்றே உள்ள சோக் இல்லாமல் எரியாது. பெரிய பல்புகளைக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகத்தான் மாட்ட வேண்டும். உடைந்தால் ஈரம் படக் கூடாது, சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் தீர்ந்த பல்பைக் குப்பையில் வீசாமல் தனியே ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.