குரலுக்கு உரிய பெயர்

பாட்டு இசைத்தட்டில் நிலைபெற்ற நாள் முதலே, பாடியவர் யார் என்னும் கேள்வியும் நம் நாட்டில் உடன் பிறந்துவிட்டது. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியாருக்காகப் பாடிய கௌஹர் ஜான் அம்மையார், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டு அச்சிடுவோர், குரலுக்கு உரியவரை அறிந்து பெயர் பொறிப்பதற்காக எழுந்த வழக்கம் அஃது.

1949-இல் வெளிவந்த ‘மஹல்’ படத்தின் இசைத்தட்டிலோ, பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதைத்தலைவியின் பெயராகிய ‘காமினி’ என்பதே இருந்தது. பாடியவர் யாரென வானொலி நேயர்கள் கேட்டு எழுதிய பின்னரே உண்மைப் பெயர் வெளியாயிற்று.

மின்னணு இசை வந்தபின் இக்குறை பன்மடங்காயிற்று. பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து, வேகம் மாற்றிப் புதுப் பாட்டில் இணைப்பதைச் ‘சாம்பிளிங்’ என்பர். இதற்குப் பாடியவர் நேரில் வரவேண்டுவதில்லை. ஆதலின் அவரை மறப்பதும் எளிது.

சிகாகோ நகரத்து லோலியாட்டா ஹாலோவே 1980-இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டின் துண்டுகளைக் கொண்டு, இத்தாலியின் ‘பிளாக் பாக்ஸ்’ குழுவினர் 1989-இல் ‘ரைட் ஆன் டைம்’ பாட்டை அமைத்தனர். பிரிட்டனில் அஃது ஆறு வாரம் முதலிடம் வகித்தது. ஆனால் திரையில் வாயசைத்தவர் வேறொரு பெண்மணி.

தைவானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், அவர்தம் மனைவி இகாய் ஆகியோரின் குரல், ‘எனிக்மா’ குழுவின் ‘ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்’ பாட்டில் பெயரின்றி உலகெங்கும் ஒலித்தது. 1998-இல் அவர்கள் வழக்கிட்டனர். 1999-இல் சமரசம் ஏற்பட்டது. அதன் பின்னரே அவர்கள் பெயர் குறிக்கப்பெற்றது.

நம் நாட்டுக் குரலும் இதற்குத் தப்பவில்லை. 1981-ஆம் ஆண்டின் ‘ஜோதி’ என்னும் இந்திப் படத்தில் லதா பாடிய பாட்டு, 2002-இல் அமெரிக்காவின் ‘அடிக்டிவ்’ என்னும் பாட்டில் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டது. இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயரைக் குறிப்பிடாமல் அதனை விற்கலாகாது என 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடைவிதித்தது.

“எடுத்தது நாலே சொல், அதற்கும் பெயரா?” என வினவுவார் உளர். அந்த நாலு சொல்லைத் தாமே பாடிக்கொள்ளாது பிறர் குரலை நாடியது ஏன் என்பதே நம் மறுமொழி. புகைவண்டி நிலையத்தில் பார்சல் சிறிதாயினும் அனுப்புவோர் பெயர் எழுதியாக வேண்டும். குரலுக்கும் அம்முறையே தகும். முதற்கண் அனுமதி பெறுக. பின்னர், பாட்டின் பெயருக்கு அருகிலேயே பாடியவர், மூலப்பாட்டு, ஆண்டு ஆகியவற்றைக் குறிக்க. ‘நாட்டுப்புறக் குரல்’ எனப் பொதுவாகச் சொல்லி நழுவுதல் முறையன்று.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாடியவர் இன்னாரென அறிவிக்கக் கோரும் உரிமையை அவருக்கு அளித்துள்ளது. ஆயினும் சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டுமென்பதில்லை.

சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர், புலவரின் இயற்பெயர் கிடைக்காத இடத்து, அவர்தம் பாட்டில் அமைந்த அரிய தொடரையே பெயராக்கிப் போற்றினர். பெயரறியாதார்க்கும் பெயர் சூட்டிய மரபினர் நாம். பெயரறிந்தும் மறைத்தல் தகுமோ, அன்பர்களே?