காணியை விற்கும் முன் கேட்க வேண்டிய சோதனை

"இம்யூனோதெரபி ஊசி போட்டால் சுகமாகுமாம். காணியை விற்கலாமா?" புற்றுநோய் பற்றி எழுதத் தொடங்கியபின் வன்னியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. மீள்குடியேறி, மறுபடி வேலி அடைத்த காணி அது. வெளிநாட்டு உறவினர் சொன்ன மருந்துக்காக அதை விற்கும் முன், அந்த மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அதற்கு உதவும் அடையாளங்களே உயிர்க்குறிகாட்டிகள்.

எங்கள் உடலின் டி கலங்கள் புற்றுக்கலங்களை அழிக்கக்கூடியவை. அவற்றில் பிடி-1 என்ற புரதம் பிரேக் போல இருக்கிறது. சில புற்றுக்கலங்கள் பிடி-எல்1 என்ற புரதத்தால் அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகின்றன. ஊசி மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. பிடி-1 ஐக் கண்டறிந்த ஜப்பானியர் தசுகு ஹொஞ்சோ, ஜேம்ஸ் அலிசனுடன் 2018 இல் நோபல் பரிசு பெற்றார்.

முதலாவது குறிகாட்டி பிடி-எல்1. நுரையீரல் புற்றுநோயில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட புற்றுக்கலங்களில் இது இருந்தால், இம்மருந்தை மட்டும் கொடுத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருந்தால், பிடி-எல்1 கூடுதலாக இருந்தாலும் ஊசியின் பலன் குறைவு. அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு.

இரண்டாவது, மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்களின் குறைபாடு. பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களில் இது முக்கியம். இக்குறைபாடு உள்ள முற்றிய புற்றுநோய்களுக்கு, அவை எந்த உறுப்பில் தொடங்கியிருந்தாலும், இம்மருந்தை 2017 இல் அமெரிக்கா அனுமதித்தது. நான்கு புரதங்களைச் சாயமிட்டுப் பார்த்தே இதனை அறியலாம்.

குறிகாட்டி இருந்தால் குணம் நிச்சயம் என்றில்லை. பிரேக் விடுபட்ட டி கலங்கள் குடல், நுரையீரல், தைரொய்ட்டையும் தாக்கலாம்.

செலவு குறித்து ஒரு நல்ல செய்தி மும்பையிலிருந்து வந்தது. டாட்டா நினைவு வைத்தியசாலை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்கு வழமையான அளவில் பத்திலொன்றுக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பரிசோதித்தது. மற்றைய மருந்துகளுடன் இதையும் பெற்றவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 43.4 சதவீதம், பெறாதவர்களில் 16.3 சதவீதம். வெற்றிலை, புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மலிந்த எங்களுக்கு இது முக்கியமானது.

தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ செல்லும்போது நோயியல் அறிக்கையைக் கொண்டுசெல்லுங்கள். பயொப்சித் துண்டு மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைக்கப்பட்டிருக்கும்; பெரும்பாலும் அதிலேயே இச்சோதனைகளைச் செய்யலாம். வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் புற்றுநோய்க்கு எந்தக் குறிகாட்டி பொருந்தும்? அது பார்க்கப்பட்டதா? முடிவு சிகிச்சையை மாற்றுமா? அதுவரை, அவர் தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டாம்.